கமரன் மலையின் பழைய லாண்ட் றோவர்கள்

மலேசிய நாட்டின் பகாங் மாநிலத்து வடமேற்கு மூலையில், பேராக் மாநிலத்தின் எல்லையை ஒட்டி, கமரன் மலைநாடு அமைந்துள்ளது. 1885ஆம் ஆண்டிலே வில்லியம் கமரன் என்னும் நில அளவையாளர் இம்மலைப் பகுதியை ஆராய்ந்து சென்றார். அவர் பெயரே மலைக்கு நிலைத்துவிட்டது. ஆயினும் அதன்பின் நாற்பது ஆண்டுகள் காடு காடாகவே கிடந்தது. 1925இல் சேர் ஜோர்ஜ் மக்ஸ்வெல் வந்து பார்த்த பின்னரே இங்கு மலைவாச நகரம் ஒன்றை அமைக்கும் எண்ணம் உருப்பெற்றது. 1929இல் ஜே. ஏ. றசல் என்பவர் ‘போ’ எனப்படும் தேயிலை நிறுவனத்தைத் தொடங்கினார். தேயிலைத் தோட்டம் என்றால் தமிழரின்றி அமையுமா? தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் கைகளே இங்கும் காட்டை வெட்டின, கொழுந்தும் கிள்ளின. அவர்களின் பேரரும் பேத்தியரும் இன்று இம்மலையிலே கடை வைத்திருக்கின்றனர், காய்கறி பயிரிடுகின்றனர், வண்டி ஓட்டுகின்றனர். பிரிஞ்சாங் என்னும் ஊரில் தெண்டாயுதபாணிக்குக் கோயிலும் உண்டு.

தாப்பா என்னும் சமவெளி நகரிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறக்குறைய 60 கிலோமீற்றர் தூரம். மூங்கிற் காடுகளுக்கூடாகப் பாதை வளைந்து வளைந்து ஏறுகின்றது. இடையிலே லாத்தா இஸ்கந்தர் என்னும் நீர்வீழ்ச்சி பாதையோரமாகவே விழுகின்றது. அதனைக் கடந்து ரிங்லெட் என்னும் சிற்றூரை அடைந்ததும் காற்றுக் குளிர்கின்றது. தானா ராத்தா 1,400 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது. நமது நுவரெலியாவிலும் இது தாழ்ந்ததாயினும், பச்சைத் தேயிலைச் சரிவும், பிற்பகல் மழையும், கோவாப் பாத்திகளும் நுவரெலியாவையே நினைவூட்டும்.

பாதையெங்கும் பழைய வண்டிகள்

கமரன் மலைக்குச் செல்வோர் தேயிலையையும் ஸ்ட்ரோபெரிப் பழத்தையும் பார்த்துத் திரும்புவது வழக்கம். நமது கண்ணைக் கவர்ந்தது வேறொன்று. எத்திசை நோக்கினும் பழைய லாண்ட் றோவர் வண்டிகள்! நாற்பது, ஐம்பது வயது நிரம்பியவை, முகப்பு நசுங்கியவை, கதவில்லாதவை, தக்காளிப் பெட்டிகள் கூரைக்கு மேலாக அடுக்கப்பட்டவை. மற்ற நாடுகளிலே செல்வர்கள் துடைத்துத் துடைத்துக் காட்சிக்கு வைக்கும் வண்டிகள் இங்கே சேறு பூசிய உடம்போடு கூலிக்கு உழைக்கின்றன.

இவ்வண்டியின் பிறப்பு வரலாறு மாணாக்கர் அறியத்தக்கது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், இங்கிலாந்திலே றோவர் நிறுவனத்தின் தலைமைப் பொறியியலாளராக விளங்கிய மொறிஸ் வில்க்ஸ் என்பவர், தமது பண்ணையில் அமெரிக்க ஜீப் ஒன்றை வைத்து வேலை செய்துவந்தார். அதற்கு ஈடாக நாமே ஒன்றைச் செய்தாலென்ன என்று எண்ணினார். 1948 ஏப்ரல் 30ஆம் நாள் ஆம்ஸ்ரடாம் கண்காட்சியில் முதல் லாண்ட் றோவர் வைக்கப்பட்டது. அக்காலத்தில் பிரித்தானியாவிலே உருக்குக்குப் பங்கீடு இருந்தது. ஆகவே மேலுடம்பின் தகடுகளை அலுமினியக் கலப்பு உலோகத்தாற் செய்தனர். கீழேயுள்ள சட்டகத்தை மட்டும் உருக்குத் தகடுகளைப் பெட்டிபோல் இணைத்துச் செய்தனர். அதே 1948ஆம் ஆண்டிலேதான் மலாயாவில் அவசரகால நிலையும் தொடங்கிற்று. 1960 வரை நீடித்த அக்காலத்தில் பிரித்தானியப் படையினரோடு லாண்ட் றோவரும் காடும் மலையும் ஏறித் திரிந்தது. பின்னர் தோட்டத் துரைமாரும் காய்கறிப் பண்ணையாரும் இதனையே நாடினர். வரிசை வரிசையாக மாற்றங்கள் கண்ட இவ்வண்டியின் பழைய வடிவம், ‘டிஃபெண்டர்’ என்ற பெயரோடு 2016 ஜனவரி 29 வரை சொலிஹல் தொழிற்சாலையிலே செய்யப்பட்டுவந்தது.

அலுமினியம் கறள் பிடிப்பதில்லை. ஆதலால் ஐம்பது ஆண்டுகள் சென்ற வண்டியும் பார்வைக்கு உறுதியாகவே தோன்றும். ஆனால், அதனைத் தாங்கும் உருக்குச் சட்டகமோ உள்ளிருந்து கறள் ஏறி உண்ணப்படுகின்றது. ஓயாத மழையும், சேறும், பண்ணை உரத்தின் காரமும் சேரும் இம்மலையிலே இந்த நோய் இன்னும் விரைவாகப் பரவும். மேலே பார்ப்பவனுக்கு நோய் தெரியாது. கீழே குனிந்து பார்ப்பவனுக்கே தெரியும். அவ்வாறு குனிந்து பார்க்கும் ஒருவரைக் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது.

வீதியோரப் பட்டறை

பிரிஞ்சாங் மலையுச்சி 2,000 மீற்றருக்கும் உயர்ந்தது. அங்குள்ள பாசிபடர்ந்த காட்டைக் காண்பதற்கு லாண்ட் றோவர் ஒன்றை அமர்த்திக்கொண்டு போனோம். திரும்பும் வழியில், வில்லைப் பிணைக்கும் ஆணிகளை முடுக்கவேண்டும் என்று கூறி, சாரதி வீதியோரப் பட்டறை ஒன்றில் வண்டியை நிறுத்தினார். தகரக் கூரை, எண்ணெய் ஊறிக் கறுத்த நிலம், சுவரிலே முருகன் படம், சந்தனப் பொட்டிட்ட குறடுகளும் சாவிகளும். பட்டறைக்காரர் அறுபது வயதைக் கடந்த தமிழர். சேலத்துப் பக்கத்திலிருந்து வந்தவரின் பேரர். நாம் இலங்கையிலிருந்து வந்த ஆசிரியர் என்றறிந்ததும், “வாங்க வாத்தியாரே” என்று ஒரு பெட்டியைத் துடைத்துப் போட்டார்.

அவ்வேளையிலே இன்னொரு லாண்ட் றோவர் முனகிக்கொண்டு வந்து சேர்ந்தது. 109 அங்குல அச்சிடைவெளியுள்ள மூன்றாம் வரிசை வண்டி. அவ்வரிசை 1971இல் தொடங்கியது. அதன் உரிமையாளர் முப்பது வயது மதிக்கத்தக்க காய்கறிப் பண்ணைக்காரர். தடை அழுத்தும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது, பின்னாலே ‘டொக்கு டொக்கு’ என்று சத்தம் கேட்கிறது என்றார். பட்டறைக்காரர் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சற்றுத் தூரம் பின்சென்று நின்று பார்த்தார். இடப்பக்கம் இரு விரற்கிடை தாழ்ந்திருந்தது. பின்னர் சேற்றைக் கழுவிவிட்டு, சிறு சுத்தியலோடு கீழே நுழைந்தார். சட்டகத்தைத் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல இரும்பு ‘ணங்’ என்றது. பின்வில்லின் முன்முனை பொருந்தும் இடத்தை அடைந்ததும் ஓசை மாறி, நனைந்த மரத்தைத் தட்டியதுபோல் ‘தொம்’ என்றது. இன்னொரு தட்டு, சுத்தியலின் மூக்கு உள்ளே போய்விட்டது.

வில்லும் தாங்கியும்

யாழ்ப்பாணத்திலே நம் முன்னோர் ஏறிச்சென்ற வில்லுவண்டியை வாசகர்கள் அறிவர். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய உருக்குத் தட்டுக்களே அதன் வில். பழைய லாண்ட் றோவரின் வில்லும் அவ்வினத்ததே. வில்லின் ஒரு முனை சட்டகத்தோடு நிலையாகப் பொருத்தப்பட்டிருக்கும். மறுமுனை ‘செக்கிள்’ எனப்படும் ஆடும் இணைப்பில் தொங்கும். ஏனெனில் பாரம் ஏறும்போது வில் நிமிர்ந்து நீள்கின்றது, அந்த நீட்சிக்கு இடங்கொடுக்க வேண்டும். நடுவிலே சக்கர அச்சு, ‘யூ’ வடிவ ஆணிகளாற் பிணைக்கப்பட்டிருக்கும்.

மாட்டுவண்டியின் வில் சுமையைத் தாங்கினாற் போதும், இழுப்பது மாடு. மோட்டார் வண்டியிலோ, சக்கரம் உந்தும் உந்துதலும், தடை போடும்போது எழும் பின்னிழுப்பும் வில்லின் வழியாகவே சட்டகத்தைச் சென்றடைகின்றன. அதிலும் பெரும்பங்கை ஏற்பது அந்த நிலையான முனையைப் பற்றியிருக்கும் தாங்கி. கையளவே உள்ள அவ்விரும்புத் துண்டு பெயர்ந்துவிட்டால், அச்சு ஒரு பக்கம் பின்வாங்கும். முன்சக்கரங்கள் நேரே நிற்க, பின்சக்கரங்கள் கோணலாக நிற்கும். சாரதி ஒரு திசைக்குத் திருப்ப, பின்னச்சு வேறொரு திசைக்குத் தள்ளும். சமதரையில் இது தொல்லை. ஒரு பக்கம் மலையும் மறுபக்கம் பள்ளமுமாகிய பாதையில் இதுவே மரணம்.

“துருமேல ஒட்டு நிக்காது”

இளைஞர் அவசரப்பட்டார்.

“அண்ணே, மேல ஒரு தகட்ட வச்சு ஒட்டிக் குடுத்திடுங்க. காலையில கோபிஸ் ஏத்தணும். எட்டு மணிக்கு லோரி வந்திடும்.” (கோவாவை அங்கே கோபிஸ் என்கின்றனர்.)

வெட்டிய கோவா காத்திருக்காது. கோலாலம்பூருக்குச் செல்லும் லொறியைத் தவறவிட்டால் ஒரு நாள் விளைச்சல் நட்டம். ஒரு தகட்டை வைத்து ஒட்டுவதற்கு அரைமணி நேரம் போதும். கூலியும் கையில் வந்துவிடும். வேறு யாராயினும் செய்து கொடுத்திருப்பர். பட்டறைக்காரர் கைகளைத் துடைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்:

“துருமேல ஒட்டு நிக்காது தம்பி. கோபிஸ் கொட்டுனா கூட்டி அள்ளிக்கலாம். சாயந்தரம் பின்னால எத்தன பேரு நிக்கிறாங்க?”

“ஏழெட்டுப் பேரு...”

“எங்க தாத்தாவும் இப்படித்தான் லோரிக்குப் பின்னால நின்னுக்கிட்டு இந்த மலைக்கு வந்தாரு.”

இளைஞர் பேசவில்லை. அன்று தமிழர் வந்ததுபோல், இன்று வங்காளதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் தொழிலாளர் இப்பண்ணைகளுக்கு வருகின்றனர். மாலையானதும் அவர்கள் லாண்ட் றோவரின் பின்தட்டிலே, கம்பியைப் பற்றிக்கொண்டு, நின்றபடியே குடியிருப்புக்குத் திரும்புவதை நாமும் கண்டிருந்தோம். அவர்களுள் ஒருவராவது வண்டிக்கடியில் குனிந்து பார்க்கப்போவதில்லை. வண்டியை நம்பியன்று, அதனைச் செப்பனிட்டவரை நம்பியே அவர்கள் ஏறுகின்றனர்.

பட்டறைக்காரர் ஆணியில் தொங்கிய சாவியொன்றை எடுத்து நீட்டினார். “என் வண்டிய எடுத்துக்கிட்டுப் போ. நாளன்னிக்கு வந்து இத எடுத்துக்க.” அவ்வளவுடன் வழக்கு முடிந்தது. நாம் அங்கு தங்கிய மூன்று நாளும் அப்பட்டறைக்குச் செல்லத் தவறவில்லை.

நூலும் வெண்கட்டியும்

முதல் வேலை வெட்டுதலன்று, அளத்தல். அடிக்கட்டைகள் கொடுத்துச் சட்டகத்தைச் சமமாக நிறுத்தினார். பற்றரியின் இணைப்பைக் கழற்றினார். பெற்றோல் தாங்கியை இறக்கி வெளியே வைத்தார். நெருப்போடு விளையாடும் தொழிலில் இதில் விட்டுக்கொடுப்பே இல்லை. பின்னர் இருபுறத்து வில் துளைகளிலிருந்தும் தூக்குநூல் விட்டு, நுனி தொட்ட இடங்களை நிலத்திலே வெண்கட்டியாற் குறித்தார். பழுதடைந்த பக்கத்துக்கு, நல்ல பக்கத்தின் அளவையே எடுத்துக்கொண்டார். நான்கு குறிகள்; அவற்றை இணைத்தால் நாற்கோணம். ஈற்றில் மூலைக்கு மூலை இரண்டு நூல்களைப் பிடித்து அளந்தார்.

இங்கே நமது மாணாக்கர் கவனிக்க. எதிர்ப்பக்கங்கள் சமமாயிருந்தால் மட்டும் ஓர் உருவம் செவ்வகம் ஆகிவிடாது. சாய்ந்த இணைகரத்துக்கும் எதிர்ப்பக்கங்கள் சமமே. மூலைவிட்டங்களும் சமமாயிருந்தாற்றான் அது செவ்வகம். நம்மூர்க் கொத்தனார் வீட்டுக்கு நிலையம் எடுக்கும்போது குறுக்கே நூல் பிடிப்பதும் இதற்காகவே. கேத்திரகணிதப் பாடம் எதற்கு என்று கேட்கும் பிள்ளைகளை அப்பட்டறைக்கு அழைத்துச் செல்ல முடிந்தால் எவ்வளவு நன்று! மூலைவிட்டங்கள் ஒத்திருந்தால் அச்சு நேராகும். ஒவ்வாவிடின் எத்தனை வலிய இரும்பு வைத்தும் பயனில்லை.

அளந்தபின், சட்டகம் அசையாதிருக்கத் தற்காலிகமாக ஒரு கோணச்சலாகையைக் குறுக்கே பிணைத்தார். பழைய ஆணி வர மறுத்தது. வில்லின் கண்ணிலே ‘புஷ்’ எனப்படும் உறை ஒன்று உண்டு. வெளியே இரும்புக் குழல், நடுவே இறப்பர், உள்ளே இன்னோர் இரும்புக் குழல். ஆண்டுக் கணக்கில் கழற்றாத ஆணி அந்த உட்குழலோடு கறள் பிடித்து ஒன்றாகிவிடும். எண்ணெய் விட்டு இரவு முழுதும் ஊறவைத்தார், காலையிலே சூடுகாட்டினார், அப்பொழுதும் அசையாததால் வாளால் அறுத்தெடுத்தார்.

அடுத்தது வெட்டுதல். கறள் தெரிந்த இடத்தோடு நிற்கவில்லை. வெட்டிய ஓரம் வெள்ளிபோல் மின்னும் நல்ல இரும்பு வரும்வரை வெட்டிச் சென்றார். உள்ளங்கை அகலம் எனத் தோன்றிய பழுது ஒரு முழ நீளமாக வளர்ந்தது. சட்டகத்தின் தகடு ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் தடிப்பே உடையது. கறளேறிய இடத்திலே கடதாசி போலிருந்தது. அதன் வயிற்றிலிருந்து கைப்பிடி கைப்பிடியாகச் சேறு கொட்டிற்று. நீர் வடிவதற்கென்று அடியிலே வைத்த துளைகள் அடைபட்டிருந்தன. நோயின் மூலம் அதுவே.

வலுப்படுத்தல் என்பது யாது?

புதுத் தாங்கியைத் துளைக்கு நேர் துளை பார்த்துப் பொருத்தி, அங்கங்கே புள்ளி புள்ளியாக மட்டும் ஒட்டி, மீண்டும் மூலைவிட்டம் அளந்தார். சரி எனக் கண்ட பின்னரே முழு வெல்டிங் நடந்தது. அதையும் ஒரே ஓட்டமாகச் செய்யவில்லை. இங்கே ஓர் அங்குலம், எதிர்ப்புறத்தில் ஓர் அங்குலம், பின்பு ஆறவிடுதல். ஒரே இடத்திற் சூடு சேர்ந்தால் தகடு நெளிந்து, அளந்த அளவெல்லாம் பிழைத்துவிடும். அவசரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவோரும் உண்டு; அப்படிச் செய்தால் ஒட்டின் ஓரம் கடினப்பட்டு வெடிக்கும் என்றார்.

அதன்மேல் வலுவுக்காக 3 மில்லிமீற்றர் தகடு ஒன்றைச் சேர்த்தார். அதன் வடிவமே நம்மை வியக்கவைத்தது. சதுரமாக வெட்டாமல், தோணியைப் போல இருமுனையும் ஒடுங்க வெட்டியிருந்தார். காரணம் கேட்டோம். சட்டகத்துக்குக் குறுக்கே நேர்கோடாக ஒட்டினால், அந்தக் கோடே பலவீனமாகி அவ்விடத்திலேயே முறியும். சாய்வாகச் சென்றால் பாரம் கொஞ்சங் கொஞ்சமாகப் பழைய இரும்புக்குக் கைமாறும் என்று விளக்கினார்.

“இன்னும் தடித்த தகடு வைத்தால் இன்னும் வலுக்கூடாதோ?” என்று வினவினோம். அவர் பட்டறையின் பின்புறத்தே கிடந்த ஒரு பழைய சட்டகத்தைக் காட்டினார். எங்கோ ஒருவர் அதிற் பெருந்தடிப்பான இரும்பை வைத்து ஒட்டியிருந்தார். அந்த ஒட்டு அப்படியே இருந்தது. ஆனால் அது முடிந்த இடத்துக்கு நாலு விரல் அப்பால் சட்டகம் குறுக்கே வெடித்திருந்தது. கரடுமுரடான பாதையில் ஒரு சக்கரம் மேட்டிலும் மறுசக்கரம் பள்ளத்திலும் ஏறும்போது, முழுச் சட்டகமும் சற்று முறுகிக் கொடுக்கவேண்டும். ஓரிடத்தை மாத்திரம் கல்லாக்கிவிட்டால், அது தாங்கவேண்டிய நெளிவையெல்லாம் அயலிலுள்ள மெல்லிய இரும்பின்மேற் சுமத்திவிடும். பாரத்தை நாலு பக்கமும் பகிர்ந்து கொடுப்பதே வலுப்படுத்தல். ஓரிடத்தைத் தடிப்பாக்குதல் அன்று.

பாரத்தோடு முடுக்குதல்

மூன்றாம் நாள் வில்லைப் பூட்டினார். ஆணிகளுக்குக் கொழுப்புப் பூசிச் செருகி, நட்டுக்களைக் கையால் மட்டும் திருகி விட்டார். வண்டியைச் சக்கரத்தின்மேல் இறக்கி, பாரம் வில்லின்மேல் அமர்ந்த பின்னரே இறுக முடுக்கினார். இதற்கும் காரணம் உண்டு. அந்த உறையிலுள்ள இறப்பர் சுழல்வதில்லை, முறுகித்தான் கொடுக்கும். அச்சுத் தொங்கும் நிலையில் முடுக்கிவிட்டால், வண்டியை இறக்கியவுடனேயே இறப்பர் ஒரு பக்கம் முறுகிப்போய், சில மாதங்களில் கிழிந்துவிடும். ஈற்றில் வெளியே நாகம் கலந்த வர்ணமும், சட்டகத்தின் உள்ளே மெழுகு கலந்த எண்ணெயும் செலுத்தி, அடைபட்ட வடிதுளைகளை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டார்.

இளைஞர் வந்தார். இருவருமாகப் பட்டறைக்குப் பின்னாலுள்ள செங்குத்தான ஏற்றத்தில் வண்டியை ஏற்றி, இறக்கத்திலே தடை போட்டுப் பார்த்தனர். வண்டி இம்மியும் விலகாது நேரே நின்றது. கூலியைப் பெற்றுக்கொண்ட பட்டறைக்காரர், “ரெண்டு நாள் பாரம் ஏத்தி ஓட்டிட்டுக் கொண்டாந்துடு. யூ போல்ட்டெல்லாம் இன்னொரு தடவ முடுக்கணும். அதுக்குக் காசு வேணாம்” என்று சொல்லியனுப்பினார்.

நமது நாட்டின் மலைப்பகுதிகளிலும் பழைய லாண்ட் றோவரும் ஜீப்பும் இன்னும் ஓடுகின்றன. அவற்றை வைத்திருக்கும் அன்பர்களுக்குக் கமரன் மலையிலிருந்து நாம் கொண்டுவந்த செய்தி சிறியது. வண்டியைக் கழுவும்போது மேலுடம்போடு நின்றுவிடாமல், சட்டகத்தின் அடியையும் உள்ளையும் கழுவுக. வடிதுளைகளைக் கம்பியாற் குத்தித் திறந்து வைக்க. மழைக்காலம் முடிந்ததும், வில் பொருந்தும் எட்டு இடங்களையும் சிறு சுத்தியலால் ஒருமுறை தட்டிப் பார்க்க. ‘ணங்’ என்றால் வண்டியை எடுக்கலாம், ‘தொம்’ என்றால் அன்றைக்கு ஒருவரையும் பின்னால் ஏற்றவேண்டாம்.